வார்ப்புருவிலிருந்து எழும் மெய்நிகர் கணினி பாதியில் நின்றால்

வார்ப்புருவிலிருந்து ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது இரண்டு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. முதலில் ஹைப்பர்வைசர் வட்டைப் படியெடுத்து, நினைவகமும் செயலியும் ஒதுக்கி, கணினியை இயக்குகிறது. அதன்பின் அந்த வட்டில் இருக்கும் இயங்குதளம் தனக்கென்று புதிய பெயர், புதிய முகவரி, புதிய அடையாளம் ஆகியவற்றை ஏற்று, பயனர் நுழையும் நிலைக்கு வருகிறது. இந்த இரண்டாவது வேலைதான் இயங்குதள அமைப்பு. நிர்வாகத் திரையில் பச்சை நிறத்தில் 'முடிந்தது' என்று தெரிவது பல நேரங்களில் முதல் வேலைக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாவது வேலை கணினிக்குள்ளே நடப்பதால், அது தவறினால் வெளியே இருக்கும் ஹைப்பர்வைசருக்குத் தெரியாமலே போகலாம்.

கோவில்பட்டி போன்ற ஊரில் இந்த முறையை அதிகம் நம்பியிருப்பவை கல்லூரி ஆய்வகங்கள். ஒன்றிரண்டு சர்வர்கள், செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் 60 மாணவர்களுக்கு 60 கணினிகள், அவற்றைக் கவனிக்க ஓர் ஆய்வக உதவியாளர் என்பதுதான் வழக்கமான நிலைமை. தீப்பெட்டி ஆலைகளின் அலுவலகங்களும் கணக்கு மென்பொருளை இப்போது மெய்நிகர் கணினிகளில் ஓட்டுகின்றன. இங்கே பிழை வந்தால் தொலைபேசியில் அழைத்துக் கேட்கத் தனி ஆதரவுக் குழு பெரும்பாலும் இருக்காது. பதிவுக் கோப்பைத் திறந்து படிக்கத் தெரிந்தவர்தான் வேலையை முடிக்க முடியும்.

படியெடுத்த நாளில் தெரியும் பிழைகளில் பெரும்பாலானவை வார்ப்புருவைச் செய்த நாளில் அதற்குள் புகுந்தவை. தீப்பெட்டி ஆலையில் மருந்துக் கலவை தவறினால், அந்தக் கலவையில் தோய்த்த குச்சிகள் அத்தனையும் வீண்; ஒவ்வொரு குச்சியாக எடுத்துச் சரிசெய்ய யாரும் உட்காருவதில்லை. வார்ப்புருவும் அப்படித்தான். பழுதைக் கண்டுபிடிக்கும் இடம் நகல். பழுதைத் திருத்தும் இடம் வார்ப்புரு. நகலைக் கையால் சரிசெய்து ஒப்பேற்றினால் அதே பழுது அடுத்த செமஸ்டரிலும் 60 மடங்காக வந்து நிற்கும்.

எங்கே நின்றது?

எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். இதற்கு ஹைப்பர்வைசரின் கன்சோல் திரையைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. தொலைவிலிருந்து பிங் செய்து பதில் வரவில்லை என்பது எதையும் சொல்லாது. கணினி பூட்டே ஆகாமல் கருந்திரையில் நிற்கிறதா, அமைப்பு வேலை தொடங்கிப் பிழைச் செய்தியோடு நிற்கிறதா, எல்லாம் முடிந்ததுபோல் நுழைவுத் திரை வந்தும் பெயரோ முகவரியோ தவறாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு, பார்க்க வேண்டிய கோப்புகளும் வேறு.

பூட்டே ஆகவில்லை என்றால் அது அமைப்புப் பிழையே அல்ல. வட்டுக்கும் கணினியின் வன்பொருள் வரையறைக்கும் ஒத்துப்போகவில்லை. வார்ப்புருவின் வட்டு யூஇஎஃப்ஐ முறைக்குத் தயாரானது, புதிய கணினி பழைய பயாஸ் முறையில் எழுகிறது என்பது அடிக்கடி காணும் காரணம். ஹைப்பர்-வியில் முதல் தலைமுறைக் கணினி பயாஸிலும் இரண்டாம் தலைமுறைக் கணினி யூஇஎஃப்ஐயிலும் எழும். உருவாக்கியபின் தலைமுறையை மாற்ற முடியாது. எனவே இதைத் தொடக்கத்திலேயே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விண்டோஸ் நீலத்திரையில் 'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று நின்றால், வட்டுக் கட்டுப்படுத்திக்கான டிரைவர் வார்ப்புருவில் இல்லை என்று பொருள். இந்தப் பிழை அண்மைக் காலத்தில் பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நின்றது. 2024 பிப்ரவரியில் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ பதிப்பும் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. இந்த இடைவெளியில் சிறிய நிறுவனங்கள் பல, கேவிஎம் அடிப்படையிலான பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் நகர்ந்தன. விஎம்வேரில் செய்த பழைய விண்டோஸ் வார்ப்புருவை அப்படியே கொண்டுபோய் கேவிஎம்மின் மெய்நிகர் வட்டு முறையான விர்ட்ஐஓவில் மாட்டினால், அதற்கான டிரைவர் இல்லாததால் அது எழாது. முதலில் சாட்டா வட்டாக மாட்டி எழுப்ப வேண்டும். உடன் ஒரு சிறிய வெற்று வட்டை விர்ட்ஐஓ முறையில் இணைத்து, டிரைவரை நிறுவ வேண்டும். அதன்பின் அணைத்து, முதன்மை வட்டை விர்ட்ஐஓவுக்கு மாற்றி, அந்த நிலையில் புதிய வார்ப்புருவாக ஆக்கிக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ்: பதில் கோப்பும் பான்தர் கோப்புறையும்

விண்டோஸ் வார்ப்புருவைத் தயாரிக்கும் கருவி சிஸ்பிரெப். இது இயங்குதளத்திலிருந்து கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கும். இந்தக் கட்டத்துக்கு ஜெனரலைஸ் என்று பெயர். நகல் முதன்முறை எழும்போது ஸ்பெஷலைஸ் கட்டத்தில் பெயர், நேர மண்டலம், டொமைன் போன்றவை ஏறும். கடைசியாக வரும் ஊபி கட்டத்தில் பயனர் கணக்கு, மொழி, உரிம ஒப்புதல் ஆகியவை முடியும். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே விடை எழுதி வைத்த எக்ஸ்எம்எல் கோப்புதான் அன்அட்டெண்ட் எனப்படும் பதில் கோப்பு.

ஒவ்வொரு கட்டமும் தனித்தனி இடத்தில் பதிவெழுதுகிறது. இதை நினைவில் வைத்தால் தேடும் நேரம் பாதியாகும். ஜெனரலைஸ் கட்டத்தின் பதிவுகள் விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32, அதற்குள் சிஸ்பிரெப், அதற்குள் பான்தர் என்ற இடத்தில் இருக்கும். ஸ்பெஷலைஸ் கட்டத்துக்கு விண்டோஸ் கோப்புறையின் நேரடிப் பான்தர். பதில் கோப்பின் மற்ற செயல்பாடுகளுக்கு அதே பான்தருக்குள் அன்அட்டெண்ட்ஜிசி. எல்லா இடத்திலும் இரண்டு கோப்புகள் முக்கியம்: நடந்தது அனைத்தையும் எழுதும் செட்டப்ஆக்ட், பிழைகளை மட்டும் எழுதும் செட்டப்எர். முதலில் செட்டப்எர் கோப்பைத் திறந்து பிழை வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, செட்டப்ஆக்ட் கோப்பில் அதே நேரத்துக்குப் போய் அதற்கு மேலே உள்ள இருபது முப்பது வரிகளைப் படிப்பதுதான் சரியான முறை. பிழை வரியை மட்டும் படித்தால் விளைவுதான் தெரியும். காரணம் அதற்கு மேலேதான் எழுதியிருக்கும்.

கணினி பிழைத் திரையிலேயே நின்றுவிட்டால் ஷிஃப்ட் விசையோடு எஃப்10 அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். அங்கிருந்தே நோட்பேடில் இந்தக் கோப்புகளைப் பார்க்கலாம். விஎம்வேர் தன் தனிப்பயனாக்க வசதி மூலம் வேலையைச் செய்திருந்தால், விண்டோஸின் டெம்ப் கோப்புறையில் விஎம்வேர்-ஐஎம்சி என்ற உள்கோப்புறையும் பார்க்க வேண்டியது. அந்த வசதிக்கு விஎம்வேர் டூல்ஸ் வார்ப்புருவில் இருந்தாக வேண்டும். சிஸ்பிரெப்பை அதுவே ஓட்டும் என்பதால், ஏற்கெனவே கையால் சிஸ்பிரெப் ஓட்டி அணைத்த வட்டை அதனிடம் கொடுக்கக் கூடாது. இரண்டும் மோதும்.

ஸ்பெஷலைஸ் கட்டத்தில் மிகுதியாக வருவது, பதில் கோப்பைப் படிக்கவோ செயல்படுத்தவோ முடியவில்லை என்ற செய்தி. அதில் ஷெல்-செட்டப் என்ற கூறின் பெயர் குறிப்பிடப்பட்டிருந்தால் கணினிப் பெயர், உரிமச் சாவி, நேர மண்டலம் ஆகிய மூன்றில் ஒன்றை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பெயர்ப் பிழையை ஓர் எடுத்துக்காட்டில் நெருங்கிப் பார்க்கலாம். விண்டோஸ் கணினிப் பெயருக்கு 15 பைட்டு என்பதே எல்லை. ஓர் ஆய்வகத்தில் ஊர்ப் பெயர், ஆய்வக எண், வரிசை எண் என்று பெயரிட முடிவு செய்கிறார்கள் என்று கொள்வோம். கோவில்பட்டியை ஆங்கிலத்தில் எழுதினால் 10 எழுத்து. ஒரு இடைக்கோடு, 'லேப்1' என்பதற்கு 4 எழுத்து, இன்னொரு இடைக்கோடு, இரண்டு இலக்க எண். மொத்தம் 18. பதில் கோப்பில் இதை நேரடியாக எழுதினால் அமைப்பு ஸ்பெஷலைஸில் நிற்கும். அது தெரிந்துவிடுவதால் பரவாயில்லை. மோசமானது, பெயரைத் தானே 15க்கு வெட்டிக் கொடுக்கும் ஸ்கிரிப்டுகள். ஊர்ப் பெயரும் இடைக்கோடும் 'லேப்1'உம் சேர்ந்தாலே சரியாக 15 ஆகிவிடுகிறது. வெட்டுப்படுவது வரிசை எண்தான். அறுபது கணினிக்கும் ஒரே பெயர் விழும். முதல் கணினி ஒழுங்காக எழும், இரண்டாவதிலிருந்து பெயர் மோதல் தொடங்கும். ஒற்றை நகலில் சோதித்தவருக்குப் பிழை தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. ரயில்வே கோவில்பட்டி நிலையத்துக்கு 'சிவிபி' என்று மூன்றெழுத்துக் குறியீடு வைத்திருக்கிறது. பெயரிடலில் அதுபோன்ற சுருக்கத்தைப் பயன்படுத்துவது நல்லது. இடைவெளி, அடைப்புக்குறி, காற்புள்ளி ஆகியவை பெயரில் வரக் கூடாது. எண்கள் மட்டுமே கொண்ட பெயரும் செல்லாது. தமிழ் எழுத்துகளையும் கணினிப் பெயரில் தவிர்க்க வேண்டும்: யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு என்பதால் எல்லை சட்டென்று தாண்டும், பெயர்ச் சேவையிலும் சிக்கல் வரும்.

உரிமச் சாவியில் வழக்கமான தவறு, வேறு பதிப்புக்கான சாவியைக் கொடுப்பது. மதிப்பீட்டுப் பதிப்பிலிருந்து வார்ப்புரு செய்திருந்தால் சில்லறைச் சாவியைப் பதில் கோப்பில் அது ஏற்காது. விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்புக்கு 180 நாள்தான் ஆயுள். அதற்குப் பிறகு கணினி அடிக்கடி தானே அணையத் தொடங்கும். சோதனைக்கென்று இறக்கிய வட்டுப் படத்தையே நிரந்தர வார்ப்புருவாக்கும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது.

பதில் கோப்பைத் திருத்திய பிறகும் பழைய பிழையே வந்தால் இன்னோர் இடத்தைச் சோதிக்க வேண்டும். விண்டோஸ் பதில் கோப்பை ஒரு குறிப்பிட்ட வரிசைப்படிப் பல இடங்களில் தேடுகிறது. அந்த வரிசையில் பான்தர் கோப்புறை முன்னாலும், சிஸ்பிரெப் கோப்புறையும் வட்டின் வேரும் பின்னாலும் இருக்கின்றன. முந்தைய முயற்சியின் கோப்பு பான்தரில் தங்கிவிட்டால் புதிதாக வேரில் வைத்த கோப்பை விண்டோஸ் பார்க்கவே பார்க்காது. வார்ப்புருவை மூடும் முன் பழைய பதில் கோப்புகளை எல்லா இடத்திலும் தேடி அழிக்க வேண்டும். நிர்வாகி கடவுச்சொல் அதில் எழுதப்பட்டிருக்கும் என்பதாலும் இது அவசியம்.

ஜெனரலைஸே தோற்கும்போது

சில வேளைகளில் நகல் வரை போகாமல் சிஸ்பிரெப்பே மறுக்கும். விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் இதற்கு முதன்மைக் காரணம் ஸ்டோர் செயலிகள். ஒரு செயலி ஒரு பயனருக்கு மட்டும் நிறுவப்பட்டு, எல்லாப் பயனருக்குமாக ஏற்பாடு செய்யப்படாமல் இருந்தால் சிஸ்பிரெப் நின்றுவிடும். எந்தச் செயலி என்பதைப் பதிவுக் கோப்பு பெயரோடு சொல்லும். அந்தச் செயலியை அந்தப் பயனரிடமிருந்தும் ஏற்பாட்டுப் பட்டியலிலிருந்தும் நீக்க வேண்டும். ஸ்டோர் பின்னணியில் செயலிகளைப் புதுப்பித்துக்கொள்வதால்தான் பெரும்பாலும் இந்த நிலை வருகிறது. ஆகவே வார்ப்புருவைக் கட்டும்போது இணைய இணைப்பைத் துண்டித்து வைப்பதும், முதல் திரையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி ஆடிட் முறையில் நுழைந்து மென்பொருள் நிறுவுவதும் நல்ல பழக்கங்கள்.

அடுத்த காரணம் பிட்லாக்கர். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் தானாக வட்டைக் குறியாக்கும் வசதிக்கான வன்பொருள் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. யாரும் இயக்காமலே வார்ப்புருவின் வட்டு குறியாக்கப்பட்டிருக்கலாம். குறியாக்கம் இருக்கும்வரை சிஸ்பிரெப் ஓடாது. நீக்கி, முழுதும் நீங்கும் வரை காத்திருந்து, பிறகு ஓட்ட வேண்டும்.

சிஸ்பிரெப் மறுக்கிறது என்பதற்காக அதைத் தவிர்த்து வட்டை அப்படியே படியெடுப்பது பலரும் எடுக்கும் குறுக்குவழி. இதற்குப் பழைய வரலாறு ஒன்றும் துணை நிற்கிறது. நகல் கணினிகளின் பாதுகாப்பு அடையாள எண்ணை மாற்ற 'நியூசிட்' என்றொரு கருவி இருந்தது. அதை எழுதிய மார்க் ருசினோவிச்சே 2009இல், ஒரே அடையாள எண் இருப்பதால் நடைமுறையில் கெடுதல் இல்லை என்று விளக்கி அந்தக் கருவியைத் திரும்பப் பெற்றார். அப்போதும் சிஸ்பிரெப் ஓட்டாத நகல்களுக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு கிடையாது. இன்று நிலைமை மாறிவிட்டது. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த புதுப்பிப்புகளுக்குப் பின், விண்டோஸ் 11இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளும் விண்டோஸ் சர்வர் 2025உம் ஒரே அடையாள எண் கொண்ட கணினிகளுக்கு இடையிலான கெர்பரோஸ், என்டிஎல்எம் அங்கீகாரத்தை மறுக்கின்றன. பகிர்ந்த கோப்புறை திறக்காது, தொலைநிலைத் திரை நுழைய விடாது, சரியான கடவுச்சொல்லையே தவறென்று சொல்லும். அதற்கு நிலையான தீர்வு, முறையாக ஜெனரலைஸ் செய்த வார்ப்புருவிலிருந்து மீண்டும் உருவாக்குவதுதான்.

நிறுவன உரிமம் வைத்திருக்கும் இடங்களில் இந்தக் குறுக்குவழி இன்னொரு வகையிலும் வெளிப்படும். உரிமங்களை உள்வலையிலேயே செயல்படுத்தித் தரும் கேஎம்எஸ் சர்வர் இயங்கத் தொடங்கக் குறைந்தது 25 விண்டோஸ் கணினிகளோ 5 சர்வர்களோ அதைத் தொடர்பு கொண்டிருக்க வேண்டும். ஜெனரலைஸ் செய்யாத நகல்கள் அனைத்தும் ஒரே கிளையன்ட் அடையாளத்தோடு வருவதால், அறுபது கணினியும் கேஎம்எஸ் கணக்கில் ஒன்றாகவே எண்ணப்படும். ஆய்வகம் நிறையக் கணினி ஓடிக்கொண்டிருக்க, எண்ணிக்கை போதவில்லை என்ற செய்தி வந்தால் காரணம் இதுதான்.

ஐந்தரை மணி நேரம்

இந்தியாவில் அமைப்புப் பிழைகளைத் தேடுவோருக்கு ஒரு வசதி உண்டு. கணினியின் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் விலகியிருந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. நேர மண்டலத்தில் எங்கோ குழப்பம் என்பது உறுதி.

வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் ஓடுகிறது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. பிராக்ஸ்மாக்ஸில் கணினியை உருவாக்கும்போது இயங்குதள வகையாக எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ப ஹைப்பர்வைசர் கடிகாரத்தைக் கொடுக்கும். விண்டோஸ் வட்டுக்கு லினக்ஸ் வகையைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் ஐந்தரை மணி பின்தங்கும். மாறாகச் செய்தால் லினக்ஸ் ஐந்தரை மணி முந்தும். இணைய நேரச் சேவை பிறகு சரிசெய்துவிடும் என்று விடக் கூடாது. அமைப்பு நடப்பது அதற்கு முந்திய நிமிடங்களில்தான். அந்த நிமிடங்களில் சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று தள்ளப்படும். கெர்பரோஸ் இயல்பாகப் பொறுக்கும் வேறுபாடு 5 நிமிடம்தான். டொமைன் வேலைகள் தடுமாறும்.

மண்டலத்தின் பெயரை எழுதுவதிலும் வேறுபாடு இருக்கிறது. விண்டோஸ் பதில் கோப்பு 'இந்தியா ஸ்டாண்டர்டு டைம்' என்ற முழுப் பெயரையே ஏற்கும். லினக்ஸ் பாணியில் 'ஏசியா/கொல்கத்தா' என்று எழுதினால் ஏற்காது. 'ஐஎஸ்டி' என்ற சுருக்கத்தை எங்குமே எழுதக் கூடாது; அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் அதே சுருக்கம் உண்டு. லினக்ஸில் இன்னொரு பொறி: பழைய வார்ப்புரு ஸ்கிரிப்டுகளில் 'ஏசியா/கல்கத்தா' என்றிருக்கும். உபுண்டு 24.04, டெபியன் 13 போன்ற புதிய வெளியீடுகளில் இந்தப் பழைய பெயர்கள் தனித் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டு, இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓடிய ஸ்கிரிப்டு புதிய வெளியீட்டில் திடீரென்று நேர மண்டலம் இல்லை என்று நிற்பது இதனால்தான்.

டொமைனில் சேராத கணினி

டொமைன் இணைப்பு தவறினால் விண்டோஸ் கோப்புறையில் டீபக் என்ற உள்கோப்புறையில் நெட்செட்டப் பதிவு இருக்கும். டொமைனைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதில் இருந்தால் முதலில் டிஎன்எஸ் முகவரியைப் பார்க்க வேண்டும். வார்ப்புருவில் 8.8.8.8 என்று கூகுளின் முகவரியை நிரந்தரமாக எழுதி வைத்திருப்பது மிகச் சாதாரணமான காரணம். உள் டொமைனைப் பற்றி அந்தச் சர்வருக்கு எதுவும் தெரியாது. டொமைன் கட்டுப்பாட்டுச் சர்வரின் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும்.

முதல் பத்துக் கணினிகள் சேர்ந்து பதினொன்றாவதில் நின்றால் அது நெட்வொர்க் பிழையல்ல. ஆக்டிவ் டைரக்டரியில் சாதாரணப் பயனர் கணக்கு ஒன்று இயல்பாக 10 கணினிகளை மட்டுமே சேர்க்க முடியும். அந்த வேலைக்கென்று தனிக் கணக்கு உருவாக்கி, குறிப்பிட்ட பிரிவில் கணினிக் கணக்குகளை உருவாக்கும் அதிகாரத்தை அதற்கு ஒப்படைக்க வேண்டும். நிர்வாகியின் கடவுச்சொல்லைப் பதில் கோப்பில் எழுதி வைப்பது இதற்குத் தீர்வாகாது, அது ஆபத்து.

செமஸ்டர்தோறும் பழைய கணினிகளை அழித்து அதே பெயர்களில் புதிதாக உருவாக்கும் ஆய்வகங்களில் 2022 அக்டோபருக்குப் பிறகு இன்னொரு பிழை தலையெடுத்தது. அந்த மாதப் பாதுகாப்புப் புதுப்பிப்பு, வேறொருவர் உருவாக்கிய கணினிக் கணக்கை மீண்டும் பயன்படுத்துவதைத் தடுத்தது. பிழை எண் 2732. மறுபடியும் சேர்க்கும்போது முதலில் சேர்த்த அதே கணக்கைப் பயன்படுத்தலாம்; அல்லது பழைய கணினிக் கணக்குகளை டைரக்டரியிலிருந்து நீக்கிவிட்டுத் தொடங்கலாம். இரண்டாவது வழியே தூய்மையானது.

லினக்ஸ்: கிளவுட்-இனிட்

லினக்ஸ் வார்ப்புருவில் இந்த வேலையைப் பெரும்பாலும் கிளவுட்-இனிட் செய்கிறது. உபுண்டு, டெபியன், ஆல்மா, ராக்கி எல்லாவற்றிலும் உண்டு. சென்னை சி-டாக் உருவாக்கும் பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்தது என்பதால் இங்குள்ளவை பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

முதலில் கேட்க வேண்டியது, கிளவுட்-இனிட் ஓடியதா என்பது. அதன் ஸ்டேட்டஸ் கட்டளையை லாங் என்ற விருப்பத்தோடு கொடுத்தால் முடிந்தது, ஓடுகிறது, பிழை, முடக்கப்பட்டது என்று நிலையைச் சொல்லும். முடக்கப்பட்டது என்று வந்தால் அது தகவல் மூலத்தைக் கண்டுபிடிக்கவில்லை. பிராக்ஸ்மாக்ஸில் கிளவுட்-இனிட் வட்டை இணைக்க மறந்துவிட்டால் இதுதான் நடக்கும். பயனர் கணக்கே உருவாகாததால் உள்ளே நுழையவும் முடியாது. பிழை என்று வந்தால் வார் கோப்புறையின் லாக் பகுதியில் கிளவுட்-இனிட் பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்றில் கருவியின் நடவடிக்கைகளும், அவுட்புட் என்று முடியும் மற்றொன்றில் நாம் எழுதிய கட்டளைகள் கக்கிய வெளியீடும் இருக்கும். தொகுப்பு நிறுவலோ ஸ்கிரிப்டோ தவறியிருந்தால் இரண்டாவது கோப்பில்தான் விடை.

நாம் எழுதிய அமைப்புக் கோப்பின் முதல் வரி ஹாஷ் குறியுடன் கிளவுட்-கான்ஃபிக் என்றிருக்க வேண்டும். அந்த வரிக்கு மேல் ஒரு வெற்று வரி நுழைந்தாலும் கோப்பு முழுவதும் புறக்கணிக்கப்படலாம். யாமல் வடிவம் டேப் விசையை ஏற்காது; இடைவெளி மட்டுமே. கிளவுட்-இனிட்டின் ஸ்கீமா கட்டளையால் கோப்பை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

லினக்ஸில் சிஸ்பிரெப்புக்கு இணையான ஒற்றைக் கட்டளை எல்லா வெளியீடுகளிலும் இல்லை என்பதால் அடையாள நீக்கத்தைக் கையால் செய்யும்போது மறதி நேர்கிறது. மறதியின் அறிகுறியாக இரண்டு கணினிகள் ஒரே ஐபி முகவரியைப் பிடிக்கும், ஒன்று எழுந்தால் மற்றொன்று அறுபடும். மேக் முகவரிகள் வெவ்வேறாக இருப்பதைப் பார்த்து நிர்வாகி குழம்புவார். உபுண்டு சர்வர் போன்றவற்றில் சிஸ்டம்டி, டிஹெச்சிபி சர்வரிடம் தன்னை அறிமுகப்படுத்த மேக் முகவரியைப் பயன்படுத்தாமல், மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து பெற்ற அடையாளத்தைப் பயன்படுத்துகிறது. அந்தக் கோப்பு வார்ப்புருவில் நிரம்பியிருந்தால் எல்லா நகல்களும் டிஹெச்சிபி சர்வருக்கு ஒரே கணினிதான். வார்ப்புருவை மூடும் முன் அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தைக் காலி செய்ய வேண்டும். கோப்பையே அழிக்கக் கூடாது, வெறுமையாக்கினால் போதும். எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் நீக்கி, கிளவுட்-இனிட்டின் கிளீன் கட்டளையை ஓட்டிய பிறகே அணைக்க வேண்டும். அணைத்தபின் 'ஒருமுறை இயக்கிப் பார்ப்போமே' என்று வார்ப்புருவை எழுப்பினால் நீக்கியவை அனைத்தும் மீண்டும் உருவாகிவிடும்.

விஎம்வேரில் லினக்ஸ் தனிப்பயனாக்கம் தோற்றால் நெட்வொர்க் அட்டை துண்டித்த நிலையிலேயே நிற்பதைக் காணலாம். அட்டையைக் கையால் இணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பெயரும் முகவரியும் ஏறியிருக்காது. வார் லாக்கில் விஎம்வேர்-ஐஎம்சி கோப்புறையில் டூல்ஸ்டிப்ளாய்பேக்கேஜ் என்ற பதிவைப் படித்துக் காரணம் அறிய வேண்டும்.

பழைய வார்ப்புருக்களில் தொகுப்பு நிறுவல் தவறினால் வெளியீட்டின் ஆயுளைப் பார்க்க வேண்டும். சென்டோஸ் 7இன் ஆதரவு 2024 ஜூன் 30ஆம் தேதி முடிந்து, அதன் தொகுப்புகள் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன. பழைய முகவரிகளைச் சுமந்த வார்ப்புரு இணையம் நன்றாக இருந்தாலும் தொகுப்பு கிடைக்கவில்லை என்றே சொல்லும். முகவரியைக் காப்பகத்துக்கு மாற்றலாம்; ஆனால் அந்த வார்ப்புருவையே கைவிட்டு ஆல்மா அல்லது ராக்கிக்குப் போவதே நலம்.

மின்தடையும் நெரிசலும்

விண்டோஸ் அமைப்பின் நடுவில் மின்சாரம் போனால், மீண்டும் எழும்போது கணினி எதிர்பாராமல் மறுதொடக்கம் ஆனது, நிறுவலைத் தொடர முடியாது என்ற செய்தி வந்து, சரி என்று அழுத்த அழுத்தத் திரும்பத் திரும்ப வரும். பதிவேட்டில் ஒரு மதிப்பை மாற்றி இதைத் தாண்டச் செய்யும் தந்திரம் பலருக்குத் தெரியும். நகலில் அதைச் செய்யக் கூடாது. எந்தக் கட்டம் முடிந்தது, எது முடியவில்லை என்பது தெரியாத கணினி அது. ஒரு மாதம் கழித்து விளங்காத பிழையைத் தரும். அழித்துவிட்டு மறுபடி உருவாக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். கரிசல் வட்டாரத்தில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் முன்பே அறிவிக்கப்படும். அன்று பெரிய அளவில் கணினிகளை உருவாக்கும் வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பதும், சர்வரோடு நெட்வொர்க் சுவிட்சையும் யூபிஎஸ்ஸில் மாட்டியிருப்பதும் போதுமான முன்னெச்சரிக்கை. சுவிட்ச் மட்டும் வெளியே இருந்தால், சர்வர் ஓடிக்கொண்டே இருக்க, டொமைன் இணைப்பு மட்டும் அறுபடும்.

அறுபதையும் ஒரே நேரத்தில் இயக்குவது இன்னொரு தவறு. ஒரே வட்டுத் தொகுதியில் அனைத்தும் எழுதவும் படிக்கவும் போட்டியிட, அமைப்பு மந்தமாகி நேர வரம்பைத் தாண்டும். ஒன்று மட்டும் எழுப்பினால் நன்றாக வருகிறது, மொத்தமாக எழுப்பினால் எங்கெங்கோ நிற்கிறது, நிற்கும் கணினிகள் ஒவ்வொரு முறையும் மாறுகின்றன என்றால் காரணம் நெரிசல். ஐந்தைந்தாக எழுப்பினால் போதும். முதல் எழுச்சியில் இணையத்திலிருந்து புதுப்பிப்புகளை இறக்கும் கட்டளையை அமைப்புக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, புதுப்பிப்புகளை வார்ப்புருவிலேயே ஏற்றி வைக்க வேண்டும்.

முகவரிகள் தீர்ந்துபோவதும் இதே குடும்பம். ஒரு சாதாரண உள்வலையில் 254 முகவரிகள். விண்டோஸ் டிஹெச்சிபி சர்வர் ஒரு முகவரியை இயல்பாக 8 நாள் ஒதுக்கி வைக்கும். அறுபது கணினியை ஒரே வாரத்தில் நான்கைந்து முறை அழித்து உருவாக்கினால், ஒவ்வொரு முறையும் புதிய மேக் முகவரி என்பதால் பழைய ஒதுக்கீடுகள் திரும்பி வராமல் குவியும். கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியோடு எழுந்தால் டிஹெச்சிபி சர்வரின் ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பார்த்துப் பழையவற்றை நீக்கி, சோதனைக் காலத்துக்கு ஒதுக்கீட்டு நேரத்தைச் சில மணிகளாகக் குறைக்க வேண்டும்.

திருத்திய வார்ப்புருவைச் சோதித்தல்

காரணம் தெரிந்தபின் வார்ப்புருவை நேரடியாகத் திறந்து திருத்தாமல், அடையாள நீக்கத்துக்கு முந்தைய நிலையில் எடுத்து வைத்த தனி நகலில் திருத்த வேண்டும். அந்த முந்தைய நிலையை எப்போதும் காப்பாற்றி வைத்திருப்பது அடிப்படை ஒழுக்கம். ஒரே வட்டில் திரும்பத் திரும்பச் சிஸ்பிரெப் ஓட்டுவதைவிட இது பாதுகாப்பானது. திருத்தியபின் பெயரில் தேதியைச் சேர்த்துப் புதிய வார்ப்புருவாகச் சேமித்து, என்ன மாறியது என்று குறிப்புப் பகுதியில் இரண்டு வரி எழுத வேண்டும்.

சோதனைக்கு ஒரு நகல் போதாது. பெயர் மோதல், முகவரி மோதல், ஒரே அடையாளம், டொமைன் வரம்பு ஆகிய எதுவும் ஒற்றை நகலில் தெரியாது. குறைந்தது இரண்டை ஒரே நேரத்தில் எழுப்பி, பெயர், ஐபி முகவரி, மெஷின்-ஐடி அல்லது பாதுகாப்பு அடையாள எண், கடிகாரம், உரிம நிலை ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றின் பகிர்ந்த கோப்புறையைத் திறந்து பார்க்க வேண்டும். டொமைனில் சேர்க்கும் கணக்கு மாறியிருந்தால் மட்டும் சோதனையைப் பதினோரு கணினிகள் வரை நீட்டுவது அவசியம். பழைய வார்ப்புருவைப் புதியது ஒரு செமஸ்டர் முழுவதும் ஓடி முடியும் வரை அழிக்காமல் வைத்திருக்கலாம். அதிலிருந்து யாரும் தவறிப் படியெடுக்காதபடி அதற்கான அனுமதியை மட்டும் நீக்கிவிட வேண்டும். பிராக்ஸ்மாக்ஸில் லிங்க்டு குளோன் முறையில் எழுந்த கணினிகள் பழைய வார்ப்புருவின் வட்டையே நம்பி ஓடுவதால், அவை ஒவ்வொன்றும் மாற்றப்பட்ட பிறகுதான் அந்த வார்ப்புருவை அழிக்க முடியும்.